அரம் படாமல் பிழைத்த ஸூல் கொக்கி: செவ்வாய்ப்பேட்டை துப்பாக்கிப் பட்டறை

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டம். தாத்தா வாங்கிய மௌசர் வேட்டைத் துப்பாக்கி இப்போது என் உரிமத்தில் இருக்கிறது. அதன் ஸ்கோப்பை, அதாவது மேலே மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியை, கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தைக் காட்டும். முதலில் வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். ஸ்கோப்பின் அடியிலுள்ள கொக்கி துப்பாக்கியில் இறங்கும் குழிக்குள் பசை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். வயிறு எரிந்தது.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் அந்த அமைப்பு, ஜெர்மனியில் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஸூல் நகரத்து மவுண்ட். முன்கொக்கிகளைச் சாய்த்துச் செருகி, பின்பக்கத்தை அழுத்தினால் ஸ்பிரிங் தாழ்ப்பாள் 'டக்' என்று பிடிக்கும். கொக்கிகளை அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே கையால் அராவிப் பொருத்துவார்கள், இன்னொன்றில் சேராது. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் ஆரம்பத்தில் ஸ்னைப்பர்களுக்குக் கொடுத்ததில் இப்படிப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. அப்புறம் அந்த ராணுவத்தின் வழக்கமான துப்பாக்கியான கெவேர் 98-க்கும் இதே கொக்கி வந்தது. அதில் பலவற்றில் ஸ்கோப் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும், மேலிருந்து கிளிப்பில் தோட்டா ஏற்ற வழி வேண்டுமே! எந்த ஸ்கோப் எதற்கு என்று மாறிப்போகாமலிருக்கத் துப்பாக்கி எண்ணையும் அதில் பொறித்தார்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பெரியவர் முதலில் என் உரிமத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். பசையைச் சுரண்டவே அரை நாள் ஆனது. பிறகு சிம்னி விளக்கை ஏற்றிக் கொக்கிகளைப் புகையில் காட்டினார். கரி படிந்ததும் செருகி, அழுத்தி, எடுத்தார். இடது கொக்கியில் கரி முழுசாகத் தேய்ந்து இரும்பு பளபளத்தது. வலதில் ஓரமாக ஒரு நூலளவுதான். "வலது சும்மா நிக்குது, தம்பி" என்றார்.

"இடதைக் கொஞ்சம் அராவிடலாமாங்கய்யா?" என்றேன்.

"எடுத்த இரும்பை யாரு திரும்ப வைக்கிறது? தேய்ஞ்சது பின்னாடி இருக்கிற தாழ்ப்பாள். அதனாலதான் கோணலா உக்காருது."

தாழ்ப்பாளை மட்டும் புதிதாகச் செய்தார். புகை காட்டுவதும் அராவுவதும் மாட்டிப் பார்ப்பதுமாக எத்தனை தடவையோ! கடைசியில் இரண்டு கொக்கியும் ஒன்றுபோலப் பளபளத்தன. பழைய தாழ்ப்பாளைத் தாளில் மடித்து என் கையிலேயே கொடுத்தார். அந்த மரியாதைக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

வீட்டுத் திண்ணையில் மணல் மூட்டை மேல் வைத்து, போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே எதிர்மேட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்தேன். ஸ்கோப்பைப் பத்து முறை கழற்றி மாட்டினேன். பத்து முறையும் ஸ்கோப்புக்குள் தெரியும் நடுக் கம்பியின் கூர்முனை தொட்டியின் மூடியிலேயே வந்து நின்றது.

கூலி 3,800 ரூபாய். இந்த வேலைக்குக் குறைவுதான். மூன்று வாரம் ஆனது, போன் செய்தால் எடுக்க மாட்டார். இரண்டு முறை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்த்தான் விசாரித்தேன். சந்துக்குள் கார் நுழையாது. உரிமத்தோடு துப்பாக்கியையும் கொண்டுபோங்கள். ஸ்கோப்பை மட்டும் நீட்டினால் தொடமாட்டார்.