வெள்ள அலாரம் அடிக்கும் என்று விற்கும் ரேடியோவை நம்பி வாங்காதீர்கள்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நேற்றும் அதே ரேடியோவின் பச்சைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கியது 2025 அக்டோபரில், 8,500 ரூபாய்க்கு. கையால் சுற்றும் பிடி, மேலே சோலார் தகடு, டோர்ச், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி எல்லாம் உண்டு. பெட்டியில் பற்றரியின் கொள்ளளவு 10,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருந்தது. "வெள்ளம் வரப்போகுதென்டா தானா அலாரம் அடிக்கும் அக்கா, நிம்மதியா தூங்கலாம்" என்றார் கடைக்காரர். எங்கள் வீடு வெல்லம்பிட்டியவில், களனி கங்கைக்குக் கிட்ட. 2016 மே வெள்ளத்தில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர் நின்ற வீடு. அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். கரண்ட் போனது, பிறகு போன் சிக்னலும் போனது. நாகலகம் வீதியில் ஆற்றுமட்டம் எவ்வளவு என்று கேட்க ரேடியோவைப் போட்டோம். முதல் நாளே முழுதாகச் சார்ஜ் ஏற்றியிருந்தேன், நாலு லைட்டும் எரிந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் குரல் கரகரத்து நின்றுவிட்டது. தம்பி இருட்டில் பிடியைச் சுற்றினான். ஐந்து நிமிடம் சுற்றினாலும் ஒரு செய்தி முடியுமுன் அடங்கிவிடும். மூன்றாம் தரம் பிடி கழன்று அவன் கையோடு வந்தது. அலாரம் அடிக்கவே இல்லை. தண்ணீர் உள்ளே வந்ததை, கட்டிலிலிருந்து இறங்கிக் கால் நனைந்தபோது அம்மாதான் கண்டார்.

பிறகு தம்பி அதைத் திறந்து பார்த்தான். உள்ளே 18650 எனும் விரல் போன்ற லிதியம் பற்றரி ஒன்றே ஒன்று. அந்த அளவில் நல்ல கம்பனிப் பற்றரியே சுமார் 3,500 எம்ஏஎச் வரைதான் பிடிக்கும், 10,000 என்பது நடக்காத கதை. பழைய லெப்டொப்பிலிருந்து எடுத்த அதே அளவுப் பற்றரியை மற்றக் கையில் வைத்துப் பார்த்தேன். எங்களுடையது பாரமே இல்லாமல் வெறும் கூடு மாதிரி இருந்தது. சோலார் தகடு தீப்பெட்டி அளவு. நல்ல வெயிலிலேயே நிரம்ப நாட்கணக்கு எடுக்கும், புயல் நேரம் வெயிலுக்கு எங்கே போவது?

அலாரம் விஷயம்தான் பெரிய ஏமாற்று. ரேடியோவில் இருக்கும் 'டபிள்யூபி' (வானிலை அலைவரிசை) பட்டன் அமெரிக்காவிலும் கனடாவிலும் 162 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நடக்கும் வானிலை ஒலிபரப்புக்கானது. இங்கே அப்படி ஒரு ஒலிபரப்பே கிடையாது. நமக்கு வளிமண்டலவியல் திணைக்களமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் சொல்வது ரேடியோவில் சாதாரண எப்எம் செய்தியில்தான் வரும். போன் வேலை செய்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். திறந்துவிட்டீர்கள், கேரண்டி இல்லை என்றார் கடைக்காரர். என்னிடம் இருந்தது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. சரியான பில் வாங்குங்கள், அது இருந்தால்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் முறைப்பாடு செய்யும்போது கையில் ஏதாவது இருக்கும்.

இப்போது வீட்டில் இருப்பது இரண்டு டபுள் ஏ பற்றரி போடும் சின்ன எப்எம் ரேடியோ. கடையிலேயே ஏரியலை இழுத்து, தமிழ்ச் செய்தி தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். ஒரு சோடியில் பல நாள் செய்தி கேட்கலாம், தீர்ந்தால் சந்திக் கடையில் வாங்கலாம். பாவிக்காத நேரம் பற்றரியை வெளியே எடுத்து வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து ரேடியோவையும் அரித்துவிடும்.