குவாரிச் சத்தத்துக்கு மண் கரையா, தகரத் தடுப்பா, மர வரிசையா?

தமிழ்நாட்டு விதிப்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் கூடாது. தூரம் இருக்கிறதே, சத்தம் எப்படி வரும் என்று குவாரிக்காரர்கள் கேட்பதுண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். 10 மீட்டரில் 90 காட்டும் கிரஷர் (கல் உடைக்கும் இயந்திரம்), 300 மீட்டரில் ஏறத்தாழ 60 காட்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோ குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 என்கின்றன. பகலுக்கு 5, இரவுக்கு 15 டெசிபெல் இன்னும் குறைத்தாக வேண்டும்.

மர வரிசையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒற்றை வரிசைச் சவுக்கு சத்தத்தைத் தடுக்காது. அடியிலிருந்து நுனிவரை இலை நெருங்கிய 30 மீட்டர் அகலத் தோப்பு இருந்தாலும் 3 முதல் 5 டெசிபெல்தான் கிடைக்கும், அதுவும் மரம் வளர்ந்த பிறகு. தூசிக்கு மரம் நல்லது, வையுங்கள்.

உண்மையான போட்டி தகரத்துக்கும் மண்ணுக்கும் இடையில்தான். இரண்டுக்கும் முதல் நிபந்தனை ஒன்றே: ஊர்ப் பக்கம் நின்று பார்த்தால் இயந்திரம் கண்ணில் படக் கூடாது. பார்வை மறைந்தவுடன் 5 டெசிபெல் குறையும், அதற்கு மேல் உயர்த்தும் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் ஒன்றரை குறையும். கிரஷரில் சல்லடை 5, 6 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். அது தெரிகிற இடத்தில் 4 மீட்டர் கரை போட்டுப் பயனில்லை. கிரஷரைத் தாழ்வான இடத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் சல்லடையைத் தனியாக மூட வேண்டும். தடுப்பு இயந்திரத்தை ஒட்டியோ வீடுகளை ஒட்டியோ இருக்கலாம். நட்டநடுவில் போடுவதுதான் மிக மோசம்.

தகரம் ஒரு வாரத்தில் நின்றுவிடும், இடம் கேட்காது. ஆனால் அரை மில்லிமீட்டர் ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) சதுர மீட்டருக்கு 4 கிலோகூட வராது. சத்தம் ஊடுருவாமல் இருக்க 10 கிலோவாவது வேண்டும். இரட்டைத் தகடு போட்டு நடுவே 50 மில்லிமீட்டர் ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) வைத்தால்தான் அது தடுப்பு.

அதையும் சரியாகச் செய்தாயிற்று என்றே வைப்போம். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது அதற்குப் பிறகு வரும் பராமரிப்பு. ஆடிக் காற்றில் தகட்டைப் பிடிக்கும் ஜே-போல்ட் தளரும். தளர்ந்த தகடு கிரஷர் அதிர்வில் தானே கடகடவென்று அடிக்கத் தொடங்கும். ரிவர்ஸில் வரும் டிப்பர் இடித்து ஒரு தூண் சாயும். அடியில் மழைநீர் மண்ணை அரித்து இடைவெளி விடும். 3 மீட்டர் தகட்டுக்குக் கீழே 30 சென்டிமீட்டர் திறந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு திறப்பு. மீதித் தகடு எவ்வளவு கனமானாலும் அந்த இடத்தில் தடுப்பு 10 டெசிபெலைத் தாண்டாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது போல்ட்டை முறுக்கி, அடிப்பகுதியைக் கான்கிரீட்டால் அடைக்க வேண்டும். அதற்கு ஆள் வைக்காத குவாரிக்குத் தகரத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மண் கரைக்குப் பொருள் குவாரியிலேயே கிடக்கிறது. பாறைக்கு மேலிருந்து வழித்தெடுக்கும் மண்ணை எங்கே கொட்டுவது என்பதே அங்கே தனிப் பிரச்சினை. 4 மீட்டர் உயரம், மேலே 1 மீட்டர் அகலம், இருபுறமும் ஒன்றுக்கு ஒன்றரை சரிவு என்றால் அடி அகலம் 13 மீட்டர். 100 மீட்டர் நீளத்துக்கு 2,800 கன மீட்டர், அதாவது 990 யூனிட் அளவில் (ஒரு யூனிட் 100 கன அடி). 3 யூனிட் டிப்பரில் 330 நடை. இடம் 32 சென்ட் போகும். சிறு பட்டா நிலத்தில் இது பெரிய இழப்புதான்.

ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போனால் முதல் ஐப்பசி மழையிலேயே கரை வாய்க்கால் வாய்க்காலாக அரிக்கும். அரை மீட்டர் அடுக்காகக் கொட்டி, ஜேசிபி வாளியால் தட்டி இறுக்கி, மழைக்கு முன் சரிவில் அறுகும் வெட்டிவேரும் பதிக்க வேண்டும். அடியில் வடிகால் வெட்ட வேண்டும். குழி விளிம்பில் கரை கூடாது, பாரம் தாங்காமல் விளிம்பு சரியும். கரையைக் கெடுப்பது பெரும்பாலும் மழையைவிடக் குறுக்குவழிதான். லாரிக்காக ஒரு வாய் வெட்டிவிட்டால் சத்தம் அந்த வாய் வழியே நேராக ஊருக்குப் போகும். வழி அவசியமானால், வாய்க்கு முன்னால் இன்னொரு குட்டைக் கரையை மறைவாகப் போட வேண்டும். மற்றபடி நான்கைந்து ஆண்டு விட்டுவைத்தாலும் புல் பிடித்த கரை இன்னும் உறுதிப்படும். தகரம் அப்படியில்லை.

எந்தத் தடுப்புக்கும் முன்னால், டிப்பர் கல்லைக் கவிழ்க்கும் ஹாப்பருக்குள் பாருங்கள். வெற்று இரும்பில் பாறை விழும் அந்த ‘டங்’ ஓசைதான் ஊரைத் தூக்கிப்போடுகிறது. பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி உள்ளே போல்ட் போட்டுப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். பாறைக்கு வைக்கும் வேட்டுச் சத்தத்துக்கு மட்டும் கரையை நம்ப வேண்டாம். தாழ்ந்த அதிர்வெண் அதைத் தாண்டி வளைந்து வந்துவிடும். வெடிமருந்து வைத்த துளையின் வாயைத் தூசியால் மூடாமல் சில்லுக் கல்லால் போதுமான ஆழத்துக்கு அடைப்பதும், தரைமேல் வெடிக்கும் திரியைத் தவிர்ப்பதும்தான் அதற்கு வழி.

ஊருக்குள் வரும் டர்ஃப் (செயற்கைப் புல்) விளையாட்டு மைதானங்களுக்கு என் விடை மாறும். அங்கே 13 மீட்டர் அகலத்துக்கு இடம் கிடையாது, தகரம்தான். மைதானத்தைப் பார்க்கும் முகத்தில் துளையிட்ட தகடும் பின்னால் ராக்வுல்லும் வேண்டும். வெறுந்தகடு சத்தத்தை எதிர்வீட்டுப் பக்கம் திருப்பி அனுப்பும். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி தடுப்புக்கு மேலே நின்றால் எதுவும் பயன்தராது. கம்பத்து ஹாரன் இரண்டைக் கழற்றிவிட்டு, சிறிய பெட்டிகளைத் தாழ்வாகப் பல இடங்களில் உள்நோக்கி வைப்பது நல்லது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்பது தனி விதி.

தடுப்பைப் போட்ட பிறகு, முன்பு அளந்த அதே வீட்டு வாசலில், கிரஷர் முழுச் சுமையில் ஓடும்போது, காற்று வீட்டுப் பக்கம் அடிக்கும் நேரத்தில் மீண்டும் அளக்க வேண்டும். எதிர்க்காற்று நாளில் அளந்தால் எந்தத் தடுப்பும் நல்ல தடுப்பாகவே தெரியும்.