கோத்தகிரி இளையோர் நாவல் எடிட்டர்: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம்

சிறுவர் கதைக்குத் தமிழில் எடிட்டர் கிடைப்பார். பெரியவர்கள் நாவலுக்கும் தேடினால் கிடைப்பார். பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் படிக்கும் நாவலுக்கென்றே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள்தான் அரிது. கோத்தகிரியில் ஒருவர் இருக்கிறார். கடை மாடியில் ஓர் அறை, பெயர்ப் பலகை இல்லை. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் போடவில்லை. நீலகிரியில் எழுதுகிறவர்களிடம் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். அவரிடம் போய் வந்த நான்கு கைப்பிரதிகளை முன்னும் பின்னுமாக அருகருகே வைத்துப் பார்த்து எழுதிய மதிப்புரை இது.

ஆள் வந்த வழியை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளித் துணைநூல்களுக்கு மெய்ப்பு (அச்சுப்பிழை, எழுத்துப்பிழை) பார்த்துத் தொடங்கியவர். பிறகு சென்னையில் ஒரு பதிப்பகத்தில் ஒன்பது ஆண்டு எடிட்டர். அதற்கப்புறம்தான் சொந்தமாக எழுதினார். நான்கு இளையோர் நாவல்கள். இப்போது மலையில் இருந்துகொண்டு எழுத்தும் எடிட்டிங்கும். கதையின் எலும்புக்கூட்டைப் பார்க்கும்போது பதிப்பகத்தில் பழகிய கண் வேலை செய்கிறது. வாக்கியத்தைத் தொடும்போது உள்ளே இருக்கும் நாவலாசிரியர் முந்திக்கொள்கிறார். இந்தச் சேவையில் நல்லது, கெட்டது எல்லாம் இங்கிருந்தே கிளம்புகின்றன.

மூன்று வேலைகள் செய்து தருகிறார். வாசிப்பு அறிக்கை: 40,000 சொல் வரைக்கும் 5,000 ரூபாய், மூன்று வாரம். வரி எடிட்டிங் (வாக்கியம் வாக்கியமாகத் திருத்துவது): சொல்லுக்கு 60 காசு. மெய்ப்பு: சொல்லுக்கு 20 காசு. பாதி முன்பணம், மீதி கோப்பு கைக்கு வரும்போது.

காசுக்கு மேலேயே கிடைப்பது வாசிப்பு அறிக்கையில்தான். பன்னிரண்டு, பதினைந்து பக்கம் வரும். அதன் நடுவில் இருக்கும் அட்டவணைதான் உயிர். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரிசை: எந்த நாள், எந்த இடம், என்ன மாறுகிறது, அந்த மாற்றம் யார் எடுத்த முடிவால் வந்தது. கடைசிக் கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டுப் படிக்க வேண்டும். மூன்று அத்தியாயம் தொடர்ந்து அதில் அப்பா, மாமா, டீச்சர் என்றே இருந்தால், கதை பிள்ளையின் கையை விட்டுப் போய்விட்டது என்று பொருள். தமிழ் இளையோர் நாவல்களில் அடிக்கடி விழும் ஓட்டை இதுதான். பத்தாவது படிக்கும் பெண் சிக்கலில் மாட்டுவாள், நல்ல மனம் படைத்த பெரியப்பா வந்து எடுத்துவிடுவார், முடிவில் எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். படிக்கிற பதினைந்து வயதுக்கு அங்கே வேலையில்லை. ஒரு கைப்பிரதியில், தேயிலைத் தோட்டத்தில் நின்றுபோன கூலியை மாமா கேட்டு வாங்கித் தருவதாக இருந்தது. அறிக்கை மாமாவை வெட்டச் சொல்லவில்லை. அவரை அன்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சம்பளச் சீட்டைப் பெண்ணின் கையில் கொடுக்கச் சொன்னது. ஒரே நகர்த்தலில் மூன்று அத்தியாயம் நிமிர்ந்தது.

இன்னொன்று குரல். தன்மையில் சொல்லும் கதையில், பதினான்கு வயதுப் பையனின் வாயில் நாற்பது வயதுக்காரரின் ஏக்கம் வந்து உட்காரும். 'அந்த நாட்கள் இனி வருமா' என்ற தொனி. அப்படிப்பட்ட இடங்களை ஓரத்தில் 'பெ.கு.' (பெரியவர் குரல்) என்று குறித்துவிடுகிறார். ஒரு கைப்பிரதியில் முப்பத்தெட்டு 'பெ.கு.' இருந்தன. எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில்; அங்கேதான் எழுதுகிறவருக்கு அறிவுரை சொல்லக் கை அரிக்கும்.

மலையைக் களமாக வைத்து எழுதுகிறவர்களுக்கு இங்கே கூடுதல் லாபம் உண்டு. சமவெளியில் இருந்துகொண்டு எழுதுபவர் கோத்தகிரியில் ஜூன் மாதம் பேய்மழை பெய்ய வைத்துவிடுவார். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்ப்பது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம். கோத்தகிரி கிழக்குச் சரிவு, அதற்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நீராவி இஞ்சின் புகைவிட்டுப் போனதாக எழுதிய இடத்தில், பல்சக்கரப் பாதை கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டுமே, அதற்கு மேலே வழக்கமாக இழுப்பது டீசல் என்று குறிப்பு. 2022-இல் நடக்கும் கதையில் மலை முழுக்க நீலக்குறிஞ்சி பூத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி 2006, 2018, அடுத்தது 2030. இடையில் அங்கங்கே பூப்பது பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சி. படுகர் ஊரை 'ஹட்டி' என்றும் தோடர் ஊரை 'மந்து' என்றும் பிரித்துச் சொல்லாமல் பொதுவாகப் 'பழங்குடி கிராமம்' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. இவை சின்னத் திருத்தங்கள்தாம். ஆனால் குன்னூரில் படிக்கும் பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவைப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

சட்டம் சார்ந்த ஒரு கண்ணும் அவருக்கு இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் (2012) பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். உண்மையில் நடந்த ஒரு வழக்கைத் தழுவி எழுதினால் பள்ளியின் பெயர், தெரு, அப்பாவின் தொழில் என்று பிள்ளையை அடையாளம் காட்டும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்ட கைப்பிரதி ஒன்றில் பதினோரு இடங்களைக் குறித்துக் கொடுத்திருந்தார். அந்த ஒரு பக்கத்துக்கே கொடுத்த 5,000 சரியாகிவிடும்.

இனி வரி எடிட்டிங். இங்கே எச்சரிக்கை தேவை. மூலக் கைப்பிரதியில் இப்படி இருந்தது: 'அம்மா திட்டினாள். நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.' திரும்பி வந்தது இப்படி: 'அம்மாவின் சொற்கள் ஈரக் கம்பளிபோல என்மேல் கனத்தன, பசியை அணைத்தபடி படுத்தேன்.' அழகாக இருக்கிறது, யார் இல்லையென்றது? ஆனால் ஒன்பதாவது படிக்கும் பையன் கோபத்தில் இருக்கும்போது இப்படி நினைக்க மாட்டான். அறிக்கையில் 'பெ.கு.' போட்ட அதே கை, வரி எடிட்டிங்கில் புதிதாகப் 'பெ.கு.' சேர்க்கிறது. நான்கு பிரதிகளையும் ஒப்பிட்டதில், கதை சொல்லும் பகுதிகளில் சராசரியாக ஒரு பக்கத்துக்கு இரண்டு வாக்கியமாவது அவருடைய நடைக்கு மாறியிருந்தது. நான்கு ஆசிரியர்களில் மூவர் ஒரே நாவலாசிரியரின் தங்கைகள்போலத் தெரிகிறார்கள்.

வழி இருக்கிறது. வேர்டில் 'டிராக் சேஞ்சஸ்' (மாற்றிய இடமெல்லாம் தனியே தெரியும் வசதி) போட்டே திருத்தித் தரவேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் சுத்தமான கோப்பாக வந்துவிடும், எது மாறியது என்று தேடவே ஒரு வாரம் போகும். 'புதிய உவமை, புதிய அடைமொழி சேர்க்க வேண்டாம். வேண்டுமானால் ஓரத்தில் குறிப்பாகப் போடுங்கள்' என்று ஒரு வரியும் சேர்க்கலாம். அப்படிச் சொல்லி அனுப்பிய ஒரே ஒரு பிரதி மட்டும் எழுதியவரின் குரலோடு திரும்பி வந்திருக்கிறது. முழு நாவலையும் கொடுப்பதற்கு முன் ஓர் அத்தியாயத்தை, 2,000 சொல்லுக்கு 1,200 ரூபாய் கட்டிச் சோதித்துப் பார்ப்பது உத்தமம்.

உரையாடலில் நிலைமை தலைகீழ். அங்கே அவர் கை வைப்பதில்லை, ஒழுங்கு மட்டும் செய்கிறார். பேச்சுத் தமிழை எழுதும்போது ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'போறேன்', அடுத்த பக்கத்தில் 'போகிறேன்', இன்னொரு இடத்தில் 'போறன்' என்று பேசுவார். இதற்காக ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பேச்சு அட்டவணை போட்டுத் தருகிறார்: வினைமுற்று எப்படி முடியும், அம்மாவை 'நீ' என்பாளா 'நீங்க' என்பாளா, டீச்சரை 'மிஸ்' என்பதா 'டீச்சர்' என்பதா, தோழிகளுக்குள் 'டி' எப்போது வரும், சண்டையில் அது எப்போது நிற்கும். இலங்கையிலிருந்து திரும்பி வந்து டேன்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்களில் குடியேறிய குடும்பத்துப் பாட்டி பேசுவதும், திருப்பூரிலிருந்து வேலைக்கு மாறி வந்த அப்பா பேசுவதும் ஒன்றாக இருக்க முடியாது என்று பிரித்துக் காட்டுகிறார். இந்த அட்டவணையை அறிக்கையோடு சேர்த்துக் கேட்டால் கூடுதலாக 1,500 ரூபாய்க்குத் தருகிறார். வரி எடிட்டிங்கை விட்டுவிட்டு இதை மட்டும் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

கோப்பு அனுப்பும் முறை. யூனிகோடு மட்டும்தான் வாங்குகிறார், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்றால் மாற்றிவிட்டு அனுப்ப வேண்டும். மாற்றும்போது 'கௌரி'யின் ஔகாரக் குறி, ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக உடைந்து உட்காரும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் மட்டும் அகப்படாது. பழைய கோப்புகளில் கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரமும் கிடக்கும். அனுப்புவதற்கு முன்பு கதாநாயகியின் பெயரை வேர்டில் தேடி, எத்தனை முறை வருகிறது என்று பார்த்தாலே பாதிக் குட்டு வெளிப்பட்டுவிடும். பிடிஎஃப் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுகிறார். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறும் என்பதால் அதில் தப்பில்லை. கோப்போடு இரண்டு பக்கக் கதைச்சுருக்கம் கேட்கிறார். சுருக்கத்தில் முடிவை மறைத்து 'பிறகு என்ன ஆனது?' என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. எடிட்டரிடம் சஸ்பென்ஸ் வைத்து என்ன ஆகப் போகிறது?

மெய்ப்பை இவரிடம் கொடுக்க வேண்டாம். கதைக்குள் போய்விடுகிற ஆளுக்கு ஒற்று கண்ணில் படாது. 'தேயிலை தோட்டம்', 'அந்த பையன்', 'பள்ளி பை' எல்லாம் மெய்ப்பு பார்த்த பிரதியிலும் அப்படியே கிடந்தன. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. ஓர் ஒற்று கதையையே மாற்றும் இடங்களும் தப்பியிருந்தன. மெய்ப்பை, புத்தகத்தை அச்சுக்கு வடிவமைத்த பிறகு, தாளில் எடுத்து, கதை தெரியாத வேறொருவரிடம் கொடுப்பதுதான் முறை. இன்டிசைன் மென்பொருளில் வடிவமைப்பவர், தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் 'வேர்ல்டு ரெடி கம்போசரை' இயக்க மறந்தால் கொம்புகள் எழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கும். இதையெல்லாம் வேர்டில் பார்க்கும் மெய்ப்பு பிடிக்காது.

இப்போது பணக் கணக்கு. 30,000 சொல் நாவலுக்கு வரி எடிட்டிங் 18,000 ரூபாய். புத்தகம் 150 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம் என்றால் பிரதிக்கு 15 ரூபாய். 500 பிரதியும் விற்றால் 7,500. எடிட்டிங் காசு திரும்ப 1,200 பிரதி போக வேண்டும். பதிப்பகம் செலவை ஏற்றால் ஒழிய முழுத் தொகுப்பையும் வாங்குவது கட்டுப்படியாகாது. அறிக்கை, பேச்சு அட்டவணை இரண்டும் சேர்ந்து 6,500. அது தாங்கும்.

பக்கக் கணக்கிலும் அவர் கெட்டிக்காரர். டெமி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு ஏறத்தாழ 230 சொல் வைத்தால் 30,000 சொல் 131 பக்கம். பதினாறு பக்க பாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் கட்டு) அச்சாகும்போது 128 பக்கத்துக்கு எட்டு பாரம். மூன்று பக்கம் கூடினால் இன்னொரு அரை பாரமாவது ஏறும், பின்னால் வெற்றுத் தாளும் விழும். முகப்புப் பக்கங்களுக்கு ஆறு ஒதுக்கி, எந்த அத்தியாயத்தில் எத்தனை சொல் குறைத்தால் 128-இல் அடங்கும் என்று அறிக்கையிலேயே எழுதிவிடுகிறார். ஒன்பது ஆண்டு பதிப்பக வேலையின் வாசம் இங்கே அடிக்கிறது.

கேட்டால் பதிப்பக ஒப்பந்தத்தையும் படித்துச் சொல்கிறார். இதற்குத் தனிக் காசு இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ஐத்தான் கையில் வைத்துக்கொள்கிறார். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. 'எல்லா வடிவங்களும், எக்காலமும்' என்ற வரியைப் பார்த்தால் ஒலிப்புத்தகத்தையும் மொழிபெயர்ப்பையும் தனியே பிரித்து எழுதச் சொல்கிறார். வக்கீல் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.

எப்போது அனுப்புவது? ஜனவரி புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டும் என்று எல்லோரும் செப்டம்பருக்கு மேல்தான் ஓடி வருகிறார்கள். கோத்தகிரிக்கு வடகிழக்கு மழையும் அப்போதுதான். மின்சாரம் போகும், நெட் போகும், மரம் விழுந்தால் ரோடும் போகும். அக்டோபரில் கொடுத்த பிரதிக்கு மூன்று வார அறிக்கை ஏழு வாரத்தில் வந்தது. பிப்ரவரியில் கொடுத்தது பதினெட்டே நாளில். நேரில் பேச அரை நாள் ஒதுக்குகிறார், 1,000 ரூபாய். அறிக்கையைப் படித்து முடித்த பிறகு போனால்தான் பயன். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து உண்டு. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். ஏப்ரல், மே வேண்டாம், சீசன் கூட்டத்தில் அறை வாடகை அவருடைய கட்டணத்தைத் தாண்டிவிடும்.