ஆராய்ச்சி நிதி தேடித் தரும் சந்தா: 5,900 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

ஆராய்ச்சி நிதி அறிவிப்புகளைத் திரட்டி மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு சேவையை, ஒரு வருடம் பணம் கட்டிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வியாபாரத்தில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், எனக்கு நடந்தது எல்லோரிடமும் நடக்கக்கூடியதுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. நெல்லைப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியர். நிரந்தர வேலை. வயது 46. பாசிகள் என் துறை. கோடையில் குளத்துத் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஆகிவிடுமே, அந்தச் சமாச்சாரம். பல இடங்களில் அதற்குக் காரணம் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. அதில் சில ரகங்கள் கல்லீரலைக் கெடுக்கும் நச்சை உண்டாக்கும். மாடு குடிக்கிற தண்ணீர், பிள்ளைகள் குதிக்கிற தண்ணீர். பதினொரு குளங்களை இரண்டு வருடம் மாதாமாதம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஒரு நல்ல நுண்ணோக்கி, நச்சை அளக்கும் எலைசா கிட், உதவித்தொகையில் வேலை செய்ய ஓர் இளநிலை ஆய்வாளர் (ஜே.ஆர்.எஃப்.), வண்டிச் செலவு. கல்லூரியில் கேட்டால் ஸ்லைடும் கவர்ஸ்லிப்பும் வாங்கித் தருவார்கள்.

இப்படி இருந்த சமயத்தில்தான் அந்த போன் வந்தது. “மேம், உங்க ஏரியாவுல மட்டும் இப்ப 340 கிராண்ட் ஓப்பன்ல இருக்கு.” என் ஏரியா என்னவென்று அந்தத் தம்பிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. 340 என்ற எண் வேலை செய்துவிட்டது. வருடச் சந்தா 5,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 5,900. கட்டினேன்.

வாரத்துக்கு ஏழெட்டு மின்னஞ்சல் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது: நிதி தரும் அமைப்பின் சின்னம், தொகை, கடைசித் தேதி, நீல நிறத்தில் ஒரு பட்டன். முதல் மாதம் ஒவ்வொன்றையும் திறந்து படித்து, ஒவ்வொன்றிலும் ஏமாந்தேன். இரண்டாம் மாதம் பொறுமை போய், பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டுக் குறிக்க ஆரம்பித்தேன். பாசி எண்ணிப் பழகிய கை, வேறென்ன செய்யும்.

மூன்று மாதக் கணக்கு இது. மொத்தம் வந்தது 96. அதில் 41 வெளிநாட்டுக் குடிமக்களுக்கோ அங்குள்ள பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கோ மட்டும். 22 கடைசித் தேதி தாண்டியவை. ஒன்று தாண்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. 11 ஏற்கெனவே வந்ததே வேறு தலைப்பில் திரும்பி வந்தவை. 9 இளம் ஆய்வாளர்களுக்கானவை, என் வயதுக்குக் கதவு சாத்தியாயிற்று. 6 மானியமே இல்லை, கட்டணம் கட்டிக் கலந்துகொள்ளும் கருத்தரங்க விளம்பரங்கள். மிச்சம் 7. அந்த ஏழில் ஐந்து மத்திய, மாநில அரசுத் தளங்களின் முகப்பிலேயே இலவசமாகக் கிடந்தவை.

இதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்தது, அறிவியல் ஆய்வுக்கு நிதி தந்துவந்த மத்திய அரசு வாரியமான எஸ்.இ.ஆர்.பி. விவகாரம். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2023இல் வந்து, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பழைய எஸ்.இ.ஆர்.பி. அதற்குள் போய்விட்டது. இப்போது ஏ.என்.ஆர்.எஃப்., தளமும் வேறு. எங்கள் துறை ஆய்வக உதவியாளர் அண்ணாச்சிக்குக்கூட இது தெரியும். சந்தாக்காரர்கள் மட்டும் அடுத்த வருடமும் “எஸ்.இ.ஆர்.பி. அழைக்கிறது” என்று பழைய திட்டங்களின் பெயரோடு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் எப்போதோ தட்டச்சு செய்து வைத்த பட்டியலை ஒரு மென்பொருள் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது வெளிநாட்டுப் பணம். நீர்நிலைகள், பல்லுயிர் என்று எனக்குப் பொருத்தமாகவே சில தனியார் அறக்கட்டளைகளின் அறிவிப்பு வந்தது. இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணம் கல்லூரிக் கணக்குக்கு வர வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) அதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வந்து சேர வேண்டும். கல்லூரி கேஷியரிடம் போய்க் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “மேடம், அந்தக் கணக்கெல்லாம் நம்மகிட்ட கிடையாது. இருந்தா நானே சொல்லியிருக்க மாட்டேனா?” என்றார். அரை நிமிட வேலை. சந்தா கட்டிய இடத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்திய வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்குகிறவர்கள் அறிவிப்பின் ஓரத்தில் “எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ளதா, பார்க்கவும்” என்று போட்டிருக்க வேண்டாமா?

அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். அப்படி வந்த பெயர்களில் ஒன்று இங்கிலாந்தின் ரஃபோர்டு அறக்கட்டளை. பணத்துக்காகப் போகாவிட்டாலும் அதன் தளத்துக்குப் போனது வீணாகவில்லை. இதுவரை உதவி பெற்ற திட்டங்களின் அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு சிறு திட்டத்தில் எதைச் செய்வதாகச் சொன்னார்கள், கடைசியில் எது முடிந்தது, பணம் எதில் போனது எல்லாம் இருக்கிறது. இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். நிதி கேட்டு எழுதும் என் திட்ட விண்ணப்பத்தில், அதாவது ப்ரபோசலில், பதினொரு குளம் ஆறாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, அறிவிப்பு போகட்டும், ப்ரபோசலை அவர்களே எழுதித் தருகிற சேவை எப்படி என்று கேட்பீர்கள். அதற்குத் தனியாக 15,000. நல்லவேளை, மாதிரி ஒன்றை அனுப்பச் சொன்னேன். வந்தது. நோக்கம், முறை எல்லாம் பளபளப்பான ஆங்கிலம். என் குளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது வேறு கதை. நான் நேராகப் பட்ஜெட் பக்கத்துக்குப் போனேன். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 31,000 என்று போட்டிருந்தார்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்தே அது 37,000. அதன் மேல் வீட்டு வாடகைப் படி வேறு. அந்த வரியே இல்லை. மூன்று வருடத் திட்டம் என்று வையுங்கள். மாதம் 6,000 வீதம் முதல் இரண்டு வருடத்திலேயே 1,44,000 ரூபாய் துண்டு விழும். மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்த உடனேயே, இவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். நான் 15,000 கட்டவில்லை. அந்த எழுத்துச் சேவைக்கு என் மதிப்பெண் பூஜ்யம். சந்தாவுக்கு ஐந்தில் ஒன்றரை. அந்த அரை, ரஃபோர்டைக் காட்டிக் கொடுத்ததற்காக.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்கள் வாங்குகிற பிவட் மாதிரியான நிதி வாய்ப்புத் தரவுத்தளங்கள் வேறு ரகம். நூலகம் சந்தா கட்டியிருந்தால் பேராசிரியர், ஆய்வு மாணவர் எல்லோரும் உள்ளே போய்த் தேடலாம். உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு அதெல்லாம் எட்டாக் கனி. அதனால்தான் தனிநபருக்கு 5,000 என்று விற்க வருகிறார்கள், நாமும் விழுகிறோம்.

இப்போது நான் தேடுவது வேறு மாதிரி. சனிக்கிழமை காலையில் கல்லூரி அமைதியாக இருக்கும்; அரை மணி நேரம், நாலைந்து தளம். ஏ.என்.ஆர்.எஃப்., அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, அப்புறம் சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம். தொகையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது தகுதி பற்றிய வரி. நிரந்தர ஆசிரியரா, தற்காலிகமா? வயது? யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பட்டியலில், அதாவது அங்கீகாரமும் மத்திய நிதி பெறும் தகுதியும் உள்ளவற்றில், கல்லூரி இருக்கிறதா? ஐ.ஐ.டி.களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டுமா, எங்களுக்கென்று தனி வரிசை உண்டா?

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் என்றே எஸ்.இ.ஆர்.பி. காலத்தில் ‘ஷ்யூர்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மூன்று வருடத்துக்கு 30 லட்சம் வரை. ‘டேர்’ என்று இன்னொன்று: கல்லூரி ஆசிரியர் தன் வேலையை விடாமல், வருடத்தில் சில மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் போய் வேலை பார்க்கலாம். ஆய்வுக்கு வருடம் 5 லட்சம், கைக்கு 60,000 என்று மூன்று வருடம். எங்களிடம் இல்லாத கருவி அங்கே இருக்கும் என்பதுதான் இதில் லாபம். இந்த இரண்டு பெயரும் என் 96 மின்னஞ்சலில் ஒருமுறைகூட வரவில்லை. பக்கத்துத் துறை இயற்பியல் சார் டீ குடிக்கும்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாநில மன்றத்தின் மாணவர் திட்டத்தைப் பலர் சிறு தொகை என்று ஒதுக்கிவிடுவார்கள். சில ஆயிரம் ரூபாய்தான், உண்மை. எம்.எஸ்ஸி. கடைசி வருடப் பிள்ளைகள் இரண்டு பேரை வைத்து விண்ணப்பித்தோம், கிடைத்தது. அந்தப் பணத்தில் மூன்று குளம், நாலு மாதம், பெட்ரோல், மாதிரி பாட்டில், மாதிரி கெடாமல் இருக்க லூகால் அயோடின். பிப்ரவரியில் ஒரு குளத்தில் மில்லிலிட்டருக்கு இருந்த செல் எண்ணிக்கை மே மாதம் நாற்பது மடங்கு ஆனதை அந்தப் பிள்ளைகள் எண்ணிக் காட்டினார்கள். பெரிய ப்ரபோசலில் ‘முதற்கட்டத் தரவு’ என்று ஒரு பகுதி இருக்குமே, அங்கே போட இப்போது என்னிடம் ஒரு வரைபடம் இருக்கிறது.

அறிவியல் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பொருளியல், சமூகவியல் என்றால் 1969இல் தொடங்கிய இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) தளம். கலை சார்ந்த ஆய்வு என்றால் பெங்களூரில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, ஐ.எஃப்.ஏ. அங்கே ஆங்கிலம் தவிர மற்ற இந்திய மொழிகளிலும் விண்ணப்பம் எழுதலாம். எங்கள் தமிழ்த் துறைத் தங்கை ஒருத்தி தோல்பாவைக் கூத்தில் வேலை செய்கிறாள். ஆங்கிலத்தில் ப்ரபோசல் எழுத வேண்டுமே என்றே மூன்று வருடம் தள்ளிப்போட்டவள். இதைச் சொன்னதும், “தமிழ்லயே எழுதலாமாக்கா, நெசமாவா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

பணம் வந்த பிறகு நடக்கிற கூத்தைப் பற்றி எந்தச் சேவையும் வாய் திறப்பதில்லை. அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் கொள்முதல், பட்ஜெட் தலைப்பு மாறாமல் செலவு, வட்டி வந்தால் அதை அரசுக்குத் திருப்பிக் கட்டுவது, வருடக் கடைசியில் ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற அரசுப் படிவத்தில் யூ.சி., அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ். இதையெல்லாம் கல்லூரியில் ஏற்கெனவே ஒரு ப்ராஜெக்ட் முடித்தவரிடம்தான் கற்றுக்கொள்ள முடியும். அவர் பழைய யூ.சி. நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பட்ஜெட் எழுதும்போதே உதவும். கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதத்தைக் கடைசி நாளில் கேட்காதீர்கள். எங்களுடையவர் கடைசி நாளன்று எப்போதும் சென்னையில் ஒரு கூட்டத்தில் இருப்பார்.

சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போது என் நோட்டுக் கணக்கைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பி, பாதிப் பணமாவது திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். ஆனால் மதிப்புமிக்க வாடிக்கையாளர் என்பதால் என் சந்தாவை மூன்று மாதம் இலவசமாக நீட்டித்திருக்கிறார்களாம். நேற்று வந்த மின்னஞ்சலில் கனடாவில் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.