இந்துப்பு பிபியைக் குறைக்குமா? ஒரே கேள்வி, ஐந்து பதில்கள்

வீட்டில் ஒருவருக்கு பிபி என்று தெரிந்ததும் முதலில் மாறுவது உப்பு டப்பாதான். தூள் உப்பு போய் இந்துப்பு வந்துவிடும். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ அதற்குக் காரணமாக இருக்கும். மாற்றியது சரியா என்று யாரிடம் கேட்பது? நாம் வழக்கமாகத் தேடும் இடங்களுக்கெல்லாம் இந்த ஒரே கேள்வியை எடுத்துப் போனால், எந்த இடம் எதற்கு உதவும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் அந்த வீடியோ. ‘84 தாதுக்கள் இருக்கு, சோடியம் கம்மி’ என்பது அதன் பதில். தாதுக்கள் இருக்கின்றன என்பது பொய்யில்லை. எவ்வளவு இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் கோளாறு. இந்துப்பில் ஏறத்தாழ 97 சதவீதம் சோடியம் குளோரைடு, அதாவது நாம் இத்தனை நாள் போட்ட அதே உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம் இந்துப்பு சேர்த்தால், மீதி எல்லாத் தாதுக்களும் சேர்ந்தே 150 மில்லிகிராம் அளவுதான். முருங்கைக்கீரைப் பொடி விஷயத்திலும் இதே கதை. ‘பாலைவிட 17 மடங்கு கால்சியம்’ என்பது காய்ந்த பொடியை 100 கிராம் எடுத்தால் வரும் கணக்கு. யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. ஒரு டீஸ்பூன் பொடி 2, 3 கிராம்தான். அதில் கிடைக்கும் கால்சியம் கால் டம்ளர் பாலில் இருப்பதை ஒட்டியே வரும். அளவு சொல்லாத சத்துக் கணக்கை நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

அடுத்தது, பாக்கெட்டின் பின்பக்கம். பலரும் படிக்காமல் விடும் இடம் இது. ஆனால் இந்தக் கேள்விக்கு மிக வேகமாகப் பதில் தருவதும் இதுதான். சாதாரண உப்பில் 100 கிராமுக்கு 39 கிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். இந்துப்பு பாக்கெட்டிலும் 38, 39 என்றே போட்டிருந்தால் பேச்சு முடிந்தது. கூடவே ‘அயோடின் சேர்த்தது’ என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல இந்துப்பு பாக்கெட்டுகளில் அது இருக்காது. பிபிக்காக உப்பை மாற்றி, குழந்தைகளுக்குக் கிடைத்துவந்த அயோடினையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம்.

நொறுக்குத் தீனிக்கும் இதே முறைதான். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். மிக்சர் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. 150 கிராம் பாக்கெட்டை ஒருவரே முடித்தால் 3 கிராம். ‘ஒரு பரிமாறல்’ என்று 30 கிராமுக்குப் போட்டிருக்கும் சின்ன எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாக்கெட்டில் உள்ள 14 இலக்க எண், கம்பெனி உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்றிருப்பதைக் காட்டுவது. முன்பக்கத்தில் ‘இதயத்துக்கு நல்லது’ என்று எழுதியிருப்பதற்கு அது சான்று ஆகாது.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு போடலாம்? இதை பாக்கெட் சொல்லாது. இதற்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் அந்த நிறுவனமாக வளர்ந்தது. 2024-ல் வெளியான அதன் 17 வழிகாட்டுதல்கள், எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கின்றன. அது சுமார் ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம்.

அதே நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உண்டு. கம்பு, கேழ்வரகு, நம் ஊர்க் கீரைகள் என்று வெளிநாட்டுப் பட்டியலில் தேடி அலைய வேண்டியவை இதில் இருக்கின்றன. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஆற்றலைக் கிலோஜூலில் போட்டிருப்பார்கள், 4.184-ஆல் வகுத்தால்தான் கலோரி. எண்களும் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கானவை. பச்சரிசி 100 கிராமுக்குச் சுமார் 356 கலோரி, அதுவே சோறானால் தண்ணீர் ஏறி 130 அளவுக்கு வந்துவிடும். மொபைல் கலோரி செயலிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 200 கிராம் சோற்றை ‘அரிசி’ என்று பதிந்தால் 260-க்குப் பதில் 710 காட்டும். பயனர்களே ஏற்றிய எண்களும் அவற்றில் கலந்து கிடப்பதால், செயலிக்குக் கடைசி இடம்தான்.

‘அப்படியானால் பிபியைக் குறைக்கும் உப்பே கிடையாதா?’ இதற்கு அட்டவணையிலும் பதில் இல்லை. மனிதர்களிடம் சோதித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பிடம்தான் போக வேண்டும். அதன் சுருக்கங்களில் சில தமிழிலும் படிக்கக் கிடைக்கின்றன. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பற்றி 2022-ல் அது 26 ஆய்வுகளை அலசியது. பெரியவர்களுக்கு மேல் அளவு பிபி சராசரியாக 5 புள்ளிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. இந்த ஒரு வரியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் பரப்புகிறவர்களால்தான் ஆபத்து. சிறுநீரகம் வெளியேற்றாமல் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

ஆகவே இந்த உப்புக்கு மாறும் முன் கேட்க வேண்டிய ஆள் உங்கள் டாக்டர். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தால் பொதுவான ஆலோசனை கிடைக்கும். ஆனால் உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சொல்ல நேரில் போக வேண்டும். ‘உப்பு மாத்தலாமா?’ என்று மட்டும் கேட்டால் ‘குறைச்சுக்கோங்க’ என்பதோடு நின்றுவிடும். கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகள் உள்ள தாளையும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். மாத்திரையின் பெயர் ‘சார்ட்டன்’ அல்லது ‘பிரில்’ என்று முடிந்தாலோ, ஸ்பைரோனோலாக்டோன் என்று இருந்தாலோ அதைக் காட்டி, ‘இதோடு பொட்டாசியம் கலந்த உப்பு சேர்க்கலாமா?’ என்று கேளுங்கள்.