குளுட்டமின் பொடி: வாய்ப்புண்ணுக்குச் சரி, எதிர்ப்பு சக்திக்கு?

கீமோதெரபியால் வாய் முழுக்கப் புண்ணாகி, தயிர்சாதம்கூட இறங்காமல் தவித்த என் சித்திக்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்ததன் பேரில் புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களில் ஒன்றான எல்-குளுட்டமினின் இந்தப் பொடியை வாங்கினோம். 10 கிராம் பாக்கெட்டுகளாக வருவதால் அளக்கும் வேலை இல்லை. மணமோ இனிப்போ சேர்க்காததால், வாசனை பட்டாலே குமட்டுகிறவர்களும் வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்க முடிகிறது.

ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரில் எவ்வளவு கலக்கினாலும் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அது கலப்படமன்று; சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 40 கிராம்தான் குளுட்டமின் கரையும். கரைத்து நெடுநேரம் வைத்தால் அது சிதைந்து அம்மோனியா உண்டாகும், சூட்டில் இன்னும் விரைவாக. அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. சித்தியின் புண் ஆறியது உண்மை. பொடியால்தானா என்று அறுதியிட முடியாது, ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

என் முக்கிய ஆட்சேபம், ‘நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பற்றியது. நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒருவகையான டி செல்கள் பெருகுவதற்குக் குளுட்டமின் வேண்டும் என்பது சரியே. ஆனால் டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருள்களையும் தம்மைக் காத்துக்கொள்ள உதவும் குளுட்டதயோன் என்ற பொருளையும் ஆக்கிக்கொள்ள, பல புற்றுநோய்ச் செல்களும் அதையே உறிஞ்சுகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், குளுட்டமின் பயன்பாட்டைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டி நலிந்தது, டி செல்களோ வலுப்பெற்றன. அட்டை சொல்வதற்கு ஏறக்குறைய நேர் எதிர்! குளுட்டமினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் டெலாகிளெனஸ்டாட் என்ற மருந்து, சிறுநீரகப் புற்றுநோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சையில் இருந்தவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான பெரிய ஆய்விலோ, குளுட்டமின் பெற்றவர்களிடையே ஆறு மாத இறப்பு கூடியிருந்தது.

நம் உடலே, முக்கியமாகத் தசைகள், தினமும் குளுட்டமினை ஆக்குவதாலும், குடிக்கும் பொடியின் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் எடுத்துக்கொள்வதாலும், ஒரு பாக்கெட் கட்டியை வளர்த்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. வாய்ப்புண்ணுக்காக, மருத்துவர் குறித்த நாள்களுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். எதிர்ப்பு சக்திக்கென்று நீங்களாக வாங்குவதாக இருந்தால் ஒன்றுகூடத் தர மாட்டேன்; கல்லீரல் நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.