தள்ளுபடி என்று சொன்னாலும் மரபணு அறிக்கையைக் கொடுத்துவிடாதீர்கள்

மருத்துவக் காப்பீடு எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

என் பூர்விகம் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் மரபணுப் பரிசோதனை நிறுவனம் ஒன்றின் சிறு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினேன். அவர்கள் தந்த மூலத் தரவை, அதாவது விளக்கம் எதுவும் சேர்க்காத மரபணு விவரங்களை, வேறொரு இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தேன். பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பிறழ்வு இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் வந்தது. மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிறழ்வு அது. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அடுத்த மாதம் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். ஏஜென்ட் இனிக்க இனிக்கப் பேசினார். “மரபணு அறிக்கை இருந்தால் சேர்த்துக் கொடுங்கள் மேடம், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர் என்று பிரீமியத்தில் தள்ளுபடி தருவார்கள்” என்றார். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. அவர் பேச்சை நம்பி நானாகவே கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற கட்டத்தில் டிக் செய்து, புற்றுநோய் சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு எந்த நோயும் இல்லை. ஒரு கட்டி இல்லை, ஒரு நாள் சிகிச்சை எடுத்ததில்லை. வரக்கூடும் என்பதை வந்துவிட்டது என்றே எழுதிவிட்டார்கள்! ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை.

பிறகு மரபணு ஆலோசகர் ஒருவர் சொல்லி, மருத்துவ ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துச் சரிபார்த்தேன். அந்தப் பிறழ்வே என்னிடம் இல்லை. இது அபூர்வமும் அல்லவாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி மூலத் தரவில் தென்பட்டு மறுபரிசோதனைக்கு வந்த பிறழ்வுகளில் 40 சதவீதம் பொய்யாக இருந்தன. புதிய அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.

என் தங்கை எந்தக் குழாயிலும் துப்பியவள் அல்ல. ஆனால் அவள் நிரப்பிய விண்ணப்பத்தில் ரத்த உறவினரின் மரபணுக் குறைபாடு பற்றிக் கேட்டிருந்தார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்ததை நேர்மையாக எழுதினாள். அவளுடைய விண்ணப்பமும் கிடப்பில் கிடக்கிறது. உடன்பிறந்தவர்களின் மரபணுவில் ஏறக்குறைய பாதி ஒன்றுதான். நான் கையெழுத்துப் போட்டது அவளுக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. 2023இல் ‘டுவென்டி த்ரீ அண்ட் மீ’ என்ற அமெரிக்க மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவும் கொடுத்துவிட்டது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது; ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. கனடா 2017இல் கொண்டுவந்த சட்டமோ, மரபணுப் பரிசோதனை முடிவைக் காட்டினால்தான் ஒப்பந்தம் என்று நிபந்தனை போடுவதையே குற்றமாக்கியது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன சட்டம் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே விசாரியுங்கள்.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்தால் பிற்பாடு கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும். கேட்காததை நீட்டாதீர்கள். தள்ளுபடி என்று வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கேட்டு வாங்கவில்லை. என் கையில் இருப்பது அந்த டிக் போட்ட கடிதம் ஒன்றுதான். அதை இணைத்துத்தான் இப்போது புகார் கொடுத்திருக்கிறேன்.